என் வீட்டுக்காரர் அடைத்த ஓட்டைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வீட்டுக்காரர் நல்லவர். குடிக்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார், சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். கையில் ஸ்பேனர் கிடைக்காத வரைக்கும் தங்கமான மனுஷர்.

படகு என்னுடையது. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஃபைபர் படகு. பன்னிரண்டு பேர் உட்காரலாம். பதிமூன்றாவது ஆள் காலைத் தூக்கி வைத்தால் என் வாயில் விழுந்து எழுந்துதான் போக வேண்டும். காலையில் ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள், மதியம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சாயங்காலம் அதே முகங்கள் வாடி வதங்கித் திரும்பி வரும். பாலத்தைச் சுற்றிப் பஸ்ஸில் போனால் பாதி நாள் போய்விடும். அதனால் என் திட்டையும் வாங்கிக்கொண்டு என் படகில்தான் வருவார்கள். எங்கள் வீட்டில் உலை கொதிப்பது இந்தப் படகை நம்பித்தான்.

அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். கல்யாணப் பத்திரிகையோ கண்ணீர் அஞ்சலியோ, எதுவாக இருந்தாலும் அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் வெளியே போகும். ஒரு நாள் அந்த அச்சகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், திரும்பப் போய் உட்காருவார். பொழுது போகாமல் பழைய செய்தித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் பிழை தேடிச் சிவப்பில் வட்டம் போடுவார். யாருக்கும் தேவைப்படாத வட்டங்கள்.

அப்போதுதான் படகின் அடிவயிறு படித்துறைக் கல்லில் உரசி ஒரு விரிசல் விட்டது. கரையில் ஏற்றிப் போட்டேன். பட்டறைக்காரனுக்குப் போன் போடப் போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வெளி ஆளு எதுக்கு? நான் பார்க்கறேன்."

"உங்களுக்கு என்னங்க தெரியும் படகைப் பத்தி?"

"விரிசல்தானே? விரிசல்னா அடைக்கணும். இதுல தெரிய என்ன இருக்கு?"

தச்சுக்கடையிலிருந்து மரத்தூளை வாரிக்கொண்டு வந்தார். நாற்காலிக் கால் ஒட்டுகிற வெள்ளைப் பசையை அதில் ஊற்றிப் பிசைந்தார். விரிசலில் வைத்துத் தேய்த்து, மேலே நீலப் பெயிண்டை அடித்தார். நான் கல்யாணத்துக்கு முன்னால் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவள். தண்ணீரை உள்ளே வைப்பதும் வெளியே வைப்பதும் ஒரே வேலைதான். அந்த வெள்ளைப் பசை காய்ந்தால் கல், ஊறினால் கூழ். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். "அட அறிவு கெட்ட..." என்று ஆரம்பிப்பதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

திறந்த வாய் திறந்தபடி நின்றது. மனுஷர் விசிலடித்துக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் மரத்தூள், இடது கட்டைவிரல் நகம் சுத்தியல் பட்டுக் கறுத்துப் போயிருக்கிறது, அதையெல்லாம் கவனிக்காமல் குனிந்தபடி ஏதோ ஒரு பாட்டை விசிலடிக்கிறார். அச்சகம் மூடியதிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடினேன் என்றால் ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள், ஆனால் மூடினேன்.

பெயிண்ட் காயட்டும் என்று படகுக்கு அவரே லீவு விட்டார். மதியம் அவர் உண்ட மயக்கத்தில் குறட்டை விட்டதும் நான் துறைக்கு ஓடினேன். கூழைச் சுரண்டி எடுத்தேன். விரிசலின் ஓரங்களைச் சரிவாக இழைத்து, கண்ணாடி நார்த் துணியை அடுக்கடுக்காக வைத்து ரெசின் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதே டப்பாவிலிருந்து அதே நீலத்தை அடித்துவிட்டு வந்தேன். ரெசின் வாடை ஊரைத் தூக்கும். ஆனால் அவருக்கு நிரந்தர ஜலதோஷம். பூவும் பினாயிலும் அவர் மூக்குக்கு ஒன்றுதான்.

மறுநாள் வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"கேட்டியா சத்தத்தை? கல்லு!"

"ஆமாங்க. கல்லேதான்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெளியூரில் இருக்கிற எங்கள் மகள் போனில் இதைக் கேட்டுவிட்டு, "அப்பா, இதையெல்லாம் வீடியோ எடுத்துப் போடுங்கப்பா, நிறைய பேருக்கு உதவியா இருக்கும்" என்று கொளுத்திப் போட்டாள். மனுஷருக்கு அதுவே வேலையாகிவிட்டது. முதல் வீடியோவே மரத்தூளும் வெள்ளைப் பசையும் பிசைந்து விரிசல் அடைப்பதுதான். முகத்தைக் காட்ட மாட்டார், வேலைதான் பேசணுமாம். வீடியோவில் இரண்டு கைகளும் கறுத்த நகமும் குரலும் மட்டும் வரும். எடுத்த எடுப்பில், "படகும் உங்களோடது, கையும் உங்களோடது, பயம் எதுக்கு?" என்பார். முடிக்கும்போது, "என் வீட்டம்மா படகுலயே செஞ்சு பார்த்தது, நம்பிச் செய்யுங்க" என்பார்.

என் படகில் செய்து பார்க்காததே இல்லை. பம்பின் குழாய் ஒழுகினால் சைக்கிள் ட்யூபைச் சுற்றுவார். நான் போய்ப் புதுக் குழாய் மாட்டி, அதன் மேல் அவருடைய ட்யூபைச் சுற்றி வைப்பேன். எஞ்சின் ஆடினால் பழைய செருப்பை வெட்டி அடியில் சொருகுவார். நான் சரியான போல்ட்டை முறுக்கிவிட்டு, செருப்புத் துண்டை இருந்த இடத்திலேயே சொருகிவிடுவேன். நங்கூரக் கயிறு நைந்து போனபோது மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினார். நான் புதுக் கயிறு வாங்கி, அதிலும் மெழுகை உருக்கி ஊற்றினேன். திருடன்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

வீடியோவுக்குக் கீழே, "நன்றி ஐயா", "அருமை ஐயா", "நீங்கள் பல்லாண்டு வாழ வேண்டும்" என்றெல்லாம் எழுதுவார்கள். அவர் ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டுவார். பாதியில் நிறுத்தி, "நன்றிக்கு மூணு சுழி போட்டிருக்கான்" என்று சிரிப்பார். எனக்கு ஒரு நாள் உறுத்தத்தான் செய்தது. யாராவது இதை நிஜமாகவே செய்து தொலைத்தால்? பிறகு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீடியோ பார்க்கிறவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு பார்க்கிறான், எவன் எழுந்து போய் மரத்தூளைப் பிசையப் போகிறான்?

ஒருவன் பிசைந்திருக்கிறான்.

வருஷா வருஷம் படகைச் சோதித்து, ஓடலாம் என்று முன்பக்கம் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். சீட்டு இல்லாத படகைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. இந்த வருஷம் புது அதிகாரி வரப்போவதாகச் சொன்னார்கள். நான் லைஃப் ஜாக்கெட்டெல்லாம் துவைத்துக் காயப்போட்டேன். என் வீட்டுக்காரர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். கூடவே நான் அண்ணி என்று கூப்பிடுகிற அவருடைய அக்காவும் வந்தார். அண்ணிக்குத் தம்பி என்றால் உயிர். அவன் கை பட்டால் கல்லும் மிதக்கும் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவர். துறை பெஞ்சில் ஒரு பிளாஸ்க் டீயோடு உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி ஒல்லியான மனுஷர், கையில் ஒரு மரச்சுத்தி. வந்ததும் ஜாக்கெட்டை எண்ணினார், ஹாரனை அடித்துப் பார்த்தார், பம்பை ஓட விட்டார். எல்லாவற்றுக்கும் "ம்" போட்டார். சரிவில் ஏற்றிப் போட்டிருந்த படகைச் சுற்றி வந்து அடிவயிற்றைச் சுத்தியால் தட்டிக்கொண்டே போனவர், அந்த இடத்தில் நின்றார்.

"ஏம்மா, இங்க மட்டும் நீலம் வேற மாதிரி இருக்கே?"

"லேசா விரிசல் சார். அடைச்சு ரொம்ப நாளாச்சு."

"யாரு அடைச்சது?"

"வீட்லயே பார்த்துக்கிட்டோம் சார்."

அந்த மனுஷர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். சுத்தியைக் கீழே வைத்தார்.

"வீட்லயேவா? எதைப் போட்டு? மரத்தூளா? மரத்தூளும் வெள்ளைப் பசையுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கயிற்றைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கோ முகமெல்லாம் பூ. தன்னுடைய வீடியோ அதிகாரி வரைக்கும் போயிருக்கிறதே என்று பூரித்துப் போய் வாயைத் திறந்தார். அதற்குள் அதிகாரி ஆரம்பித்துவிட்டார்.

"என்கிட்டயும் ஒரு சின்னப் படகு இருந்துச்சும்மா. இருந்துச்சு. எவனோ ஒருத்தன் வீடியோல சொன்னான்னு நானும் மரத்தூளைப் பிசைஞ்சு அடைச்சேன். கல்லு மாதிரிதான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை மாமனாரை ஏத்திக்கிட்டுப் போனேன். கரைக்கு வர்ற நேரத்துல கால் நனைஞ்சுது. அப்புறம் முட்டி. அப்புறம் இடுப்பு. மனுஷன் எந்திரிக்கவே இல்லம்மா, உட்கார்ந்த வாக்குல கைக்கடிகாரத்தை மட்டும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே இறங்கறாரு! அன்னையில இருந்து என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிடறதில்ல. 'அந்த ஆளு'ங்கறாரு. என் பொண்டாட்டியும் இப்ப அப்படித்தான் கூப்பிடறா."

பெஞ்சிலிருந்து அண்ணி "அடப்பாவமே" என்றார்.

"அந்த வீடியோக்காரன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். முகத்தைக் காட்ட மாட்டான் கோழை. ஆனா அந்தக் குரலை எங்க கேட்டாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

நான் என் வீட்டுக்காரர் காலை ஓங்கி மிதித்தேன்.

"இவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு சார். ஒரு வாரமா ஒரு வார்த்தை பேச முடியல" என்றேன். அவருக்கே அது புதுச் செய்தி. என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கறுத்த கட்டைவிரலைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அண்ணி எழுந்து, "தொண்டையா? காலையில டீ குடிக்கும்போதுகூட நல்லாத்தானேடா பேசின?" என்றார். எனக்குப் பிளாஸ்க்கைப் பிடுங்கி ஆற்றில் போடலாம் போல இருந்தது.

எப்படியோ அதுவும் கடந்து போயிருக்கும். ஆனால் அதிகாரி மனம் ஆறாமல் புலம்பிக்கொண்டே இருந்தார்.

"அவன் சொன்னபடி அப்படியே செஞ்சேம்மா. ஒண்ணு விடல. ரெண்டு பூச்சு அடிச்சேன்..."

"மூணு!"

சொன்னது என் வீட்டுக்காரர்தான். பிழையைக் கண்டால் அந்த மனுஷரால் சும்மா இருக்க முடியாது, வயிற்றுப்பாட்டுக்கே அதைச் செய்தவர் அல்லவா.

"மூணு பூச்சுன்னு சொன்னேன் சார். ஒரு பூச்சுக்கும் இன்னொரு பூச்சுக்கும் நடுவுல ஒரு நாள் காயணும்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா? சும்மா குத்தம் சொல்லக் கூடாது. படகும் உங்களோடது, கையும் உங்களோடது..."

அங்கே அவருக்கே உறைத்து, நிறுத்திக்கொண்டார்.

"பயம் எதுக்கு" என்று அதிகாரி மெல்ல முடித்து வைத்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினார். "இந்தப் படகு தண்ணியில இறங்காதும்மா. பன்னெண்டு மாமனாருங்க மூழ்கற பாவம் எனக்கு வேண்டாம்."

நாளைக்குப் படகு ஓடவில்லை என்றால் அடுத்த வாரம் அடுப்பு எரியாது, அவ்வளவு நேரான கணக்கு. நான் கெஞ்சுவதற்குள் என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"சார், உங்க படகு மூழ்கினதுக்கு நான் வருத்தப்படறேன். ஆனா இந்தப் படகு மூணு மழைக்காலம் தாங்கியிருக்கு. நீங்களே பெயிண்டைச் சுரண்டிப் பாருங்க. ஒரு பொட்டு ஈரம் இருந்தா நானே கோடாலி எடுத்து உடைச்சுப் போடறேன்."

"நல்லா சுரண்டுங்க!" என்று அண்ணி சேர்ந்துகொண்டார். "என் தம்பி கை பட்ட வேலை அது!"

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். சுரண்டாவிட்டால் படகு போச்சு. சுரண்டினால் படகு பிழைக்கும், அவர் போச்சு. அந்த நீலத்துக்கு அடியில் அவருடைய வேலை ஒரு துளிகூட இல்லை என்பது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"வேண்டாம் சார்" என்றேன். "பெயிண்ட் பாழாயிடும்."

"அப்ப சீட்டு இல்ல" என்றார் அதிகாரி.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"ஏன் பயப்படற? என் வேலை மேல நம்பிக்கை இல்லையா?"

அதிகாரி சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனசு வரவில்லை. பெட்டியிலிருந்து தகட்டை எடுத்து நானே மண்டி போட்டு உட்கார்ந்து சுரண்டினேன். நீலம் சுருள் சுருளாக உரிந்தது. அடியிலிருந்து நார்த் துணியின் பின்னலும் தேன் நிற ரெசினும் தெரிந்தன. பாழாய்ப் போன வேலை, இன்றைக்குத்தான் செய்தது போல அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தட்டினார், தடவினார், நகத்தால் கீறினார்.

"இது ரெசின் வேலையாச்சே. ஓரமெல்லாம் சரிவா இழைச்சு, அடுக்கடுக்கா வச்சிருக்கு. நல்ல பட்டறையில பழகின கை. இதுல மரத்தூள் எங்க இருக்கு?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். விரலால் அந்தப் பின்னலைத் தொட்டார். ஓர் எழுத்தைப் பார்த்தால் இன்னார் கை என்று சொல்லிவிடுகிற மனுஷர் அவர். முதலில் அந்த ஒட்டைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டில் இருக்கிற பழைய ரெசின் வடுவைப் பார்த்தார். பிறகு எதையுமே பார்க்கவில்லை. கத்தித் தொலையட்டும், நாலு பேர் முன்னால் என்னைத் திட்டட்டும் என்று நான் காத்திருந்தேன்.

எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"இது புது முறை சார். அடுத்த வீடியோல வருது."

கல்யாணமானதிலிருந்து அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது.

"அப்ப பழைய வீடியோ?" என்றார் அதிகாரி.

"இன்னைக்கே நீக்கிடறேன். நான் சொன்னது தப்புன்னு போட்டுடறேன். உங்க மாமனார்கிட்ட நானே நேர்ல வந்து மன்னிப்புக் கேட்கறேன்."

"ஐயா சாமி, வீட்டுப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி சீட்டை எடுத்து ஒட்டினார். போகும்போது என்னைத் தனியாகப் பார்த்து, "உங்க வீட்ல வேலை செய்யறது யாருன்னு எனக்குப் புரிஞ்சுதும்மா" என்றார். அண்ணிக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "நான்தான் சொன்னேனே, என் தம்பி வேலையாச்சே!" என்று எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அந்த வீடியோவை நீக்கினார். தப்பு என்று நாலு வரி எழுதிப் போட்டார். அப்புறம் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் பாத்திரத்தை வேண்டுமென்றே டமால் டமால் என்று வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே நின்றேன். பிசைந்தபடியே கேட்டார்.

"பம்புக் குழாய்?"

"மாத்திட்டேன்."

"எஞ்சினுக்கு வச்ச செருப்பு?"

"செருப்பு இருக்கு. போல்ட்டு புதுசு."

"கயிறு? மெழுகு ஊத்தினேனே?"

"கயிறு புதுசுங்க. மெழுகும் நான் ஊத்தினது."

சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. அழுகை வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? பன்னெண்டு பேரை ஏத்திக்கிட்டு மரத்தூளை நம்பிப் போகச் சொல்றீங்களா?"

"மாத்தினது தப்புன்னு சொல்லல. ஏன் சொல்லல?"

"நீங்க விசிலடிச்சீங்க" என்றேன். "அன்னைக்கு விசிலடிச்சீங்க. அதை எப்படிங்க நான் நிறுத்தறது?"

கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். பிறகு, பாடம் நடத்துகிற குரலில் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"எங்க அச்சகத்துல ஒரு வழக்கம் உண்டு. பிழை பார்த்தா வட்டம் போடணும், ஓரத்துல என்ன பிழைன்னு எழுதணும். எழுதினவன் பார்த்துட்டு அவனே திருத்துவான். யாருக்கும் தெரியாம நாமளே திருத்திட்டா வேலையை விட்டே அனுப்பிடுவாங்க. ஏன் தெரியுமா? அவன் அதே தப்பைத் திரும்பத் திரும்ப எழுதிக்கிட்டே இருப்பான். பாரு, நான் ஊரெல்லாம் எழுதிட்டேன்."

கரண்டியை எடுத்து அவர் தட்டில் குழம்பை ஊற்றினேன்.

"அந்தக் கொக்கி?" என்றார் திடீரென்று.

"எந்தக் கொக்கி?"

"நீ சாப்பாட்டுப் பையைக் கீழ வைக்கறேன்னு, நீ உட்கார்ற இடத்துக்குப் பக்கத்துல மாட்டிக் கொடுத்தேனே."

"அது நீங்க போட்டதுதான். அதுல நான் கை வைக்கவே இல்ல."

"நிஜமாவா?"

"என் தலை மேல சத்தியமா."

தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் சாப்பாடு போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை படகு நிறைய ஆள். நடு ஆற்றில் பெரிய லாஞ்ச் ஒன்று கிளப்பிவிட்டுப் போன அலை வந்து மோதியதுதான் தாமதம், படக் என்று ஒரு சத்தம். கொக்கி, பை, டிபன் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து உருண்டு பள்ளிக்கூட டீச்சர் காலடியில் போய் விழுந்தது. மொத்தப் படகும் சிரித்தது. "அக்கா, உங்க வீட்டுக்காரர் வேலையா?" என்று ஒருவன் கேட்டான். "வாயை மூடிக்கிட்டு வாடா" என்றேன்.

எதிர்க்கரையில் கட்டிவிட்டுப் பார்த்தேன். திருகு ரொம்பக் குட்டை. ஓட்டை பெரிதாகி, அவர் அடைத்து வைத்திருந்த தீக்குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சரியான திருகு என் பெட்டியிலேயே இருக்கிறது. நாலு சுற்றுச் சுற்றினால் முடிந்தது, அவருக்குத் தெரியவே போவதில்லை. கை பெட்டி வரைக்கும் போய்விட்டது.

கையை இழுத்துக்கொண்டேன். டீச்சரிடம் சிவப்புப் பேனாவை வாங்கி, அந்த ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டேன். பக்கத்தில், என் கோழிக் கிறுக்கலில், 'திருகு குட்டை' என்று எழுதினேன். பிறகு போன் போட்டேன்.

"ஏங்க, உங்க கொக்கி பிடுங்கிக்கிச்சு."

ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பார் என்று தெரியும்.

"அடுத்த நடைக்கு நம்ம கரைக்கு வருவேன். துறைக்கு வந்துடுங்க. பெரிய திருகு என் பெட்டியில இருக்கு, நீங்க வந்துதான் போடணும்."

"நீ கை வைக்கலையே?"

"வைக்கல."

நான் திரும்பி வந்தபோது துறையில் நின்றுகொண்டிருந்தார், அதே தேய்த்த சட்டையோடு. ஏறி வந்து நான் உட்காருகிற இடத்தின் பக்கத்தில் குனிந்தார். வட்டத்தைப் பார்த்தார். ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தார், இரண்டு தடவை. என் பெட்டியைத் திறந்து திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இதுவா? இதுவா?" என்று என்னிடம் கேட்டுக் கேட்டு அளந்து பார்த்தார். நான் தலையாட்டியதை எடுத்துக்கொண்டு மண்டி போட்டு உட்கார்ந்தார்.

கரையில் நின்ற கூட்டத்துக்குப் பொறுமை போய்விட்டது. "படகு கிளம்புமா கிளம்பாதா? ஆபீஸுக்கு நேரமாச்சுக்கா!" என்று சத்தம் போட்டார்கள்.

"இருங்கய்யா, வேலை நடக்குதுல்ல!" என்று நானும் கத்தினேன். "சத்தம் போடாதீங்க, எனக்கு ஒண்ணும் கேட்க மாட்டேங்குது."

அவர்கள் வாயை மூடிய பிறகுதான் நன்றாகக் கேட்டது. அவர் விசிலடித்துக்கொண்டிருந்தார்.